மறு: லோக்கல், ஸ்பைனல், ஜெனரல் அனஸ்தீசியா – தமிழில் என்ன சொல்லலாம்?

> உறுப்பு மயக்கம், தண்டுவட மயக்கம், பொது மயக்கம் என்று வைத்தால் ஒரே வரிசையில் அமையும்.

அன்புள்ள குழுவினருக்கு,

வரிசை அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் நோயாளிகளுக்கான இந்தக் கையேட்டைப் படிக்கப்போவது குடலிறக்க (ஹெர்னியா) ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் எழுபது வயதுக்காரரும் அவர் மகளும். மயக்கம் என்று பார்த்ததுமே "அப்பா கண் விழிப்பாரா?" என்றுதான் அந்தப் பெண் கேட்பாள். லோக்கலில் யார் மயங்குகிறார்கள்? கவட்டைப் பக்கம் மட்டும் மரத்துப்போகும், ஆள் டாக்டரோடு பேசிக்கொண்டே படுத்திருப்பார்.

1846இல் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அனஸ்தீசியா என்று பெயர் வைத்தபோது ஈதர்தான் பேச்சு, முகர்ந்தவர் நினைவிழந்தார். கொக்கெயின் சொட்டுவிட்டுக் கண்ணை மரக்கச் செய்தது 1884இல், முதுகில் ஊசி போட்டுக் கீழுடலை மரக்கச் செய்யும் ஸ்பைனல் 1898இல். நம் 'மயக்கம்' ஈதர் காலத்திலேயே நின்றுவிட்டது. 'உணர்விழப்பு' என்றாலும் இதே சங்கடம், உணர்விழந்து விழுந்தார் என்கிறோமே.

குடலிறக்கத்தில் இது முக்கியம். திறந்து செய்யும் அறுவையில், கைப்பழக்கம் உள்ள டாக்டர் கிடைத்தால் லோக்கலைப் பரிந்துரைக்கிறது 2018ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஸ்பைனலைவிட லோக்கலோ ஜெனரலோ மேல் என்றும் சொல்கிறது. ஸ்பைனலில் ரத்த அழுத்தம் இறங்கலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றை வாயுவால் உப்பவைக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஜெனரல்தான். மூன்றுக்கும் மயக்கம் என்றே பெயர் வைத்தால் பெரியவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

என் முன்மொழிவு: இட மரப்பு, கீழுடல் மரப்பு, முழு மயக்கம். மரத்துப்போகிற ஊசி என்று பல் டாக்டரிடம் எல்லோரும் கேட்ட சொல்தான். யாழ்ப்பாணத்தில் விறைப்பு ஊசி என்பார்கள். இங்கே விறைப்பு வேறு பொருள் தந்துவிடும், அதனால் விட்டேன்.

'தண்டுவட' வேண்டவே வேண்டாம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. பெயரோ தண்டுவடத்திலேயே குத்துவதுபோல ஒலிக்கிறது. கால் வராமல் போய்விடும் என்று ஏற்கெனவே பயப்படுகிறவர்களுக்கு இது போதும். ஸ்பைனல், முதுகில் போடும் இன்னொரு வகை ஊசியான எபிடூரல் இரண்டும் கீழுடல் மரப்பில் அடங்கிவிடுமே என்பீர்கள். நோயாளி கையேட்டுக்கு அது போதும், பாடநூலுக்குத் தனியாகப் பார்க்கலாம்.

அப்புறம், லோக்கலோடு பதற்றம் தணிய ரத்தக்குழாய் வழியாக லேசாக ஒரு மருந்து கொடுக்கிறார்களே, செடேஷன், அதற்கு 'அரைத்தூக்கம்' சரியா? எனக்குக் கொஞ்சம் இலேசாகப் படுகிறது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.