ஸ்லோவாக்கியாவில் ஹங்கேரியர் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லையே, ஏன்?

வாக்குப்பெட்டி:
ருமேனியாவில் ஹங்கேரியர் ஏறக்குறைய 6%. அவர்களுடைய கட்சியான யு.டி.எம்.ஆர் 1990 முதல் எல்லா நாடாளுமன்றத்திலும் இருக்கிறது, பலமுறை கூட்டணி ஆட்சியிலும் இருந்திருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹங்கேரியர் 7.75%. ஆனால் 2020, 2023 இரண்டு தேர்தலிலும் அவர்கள் கட்சிகளுக்குப் பூஜ்ஜியம். நாடாளுமன்றத்தில் நுழைய ஒரு கட்சி தாண்ட வேண்டிய வாக்கு வரம்பு இரு நாட்டிலும் 5% தானே? கணக்கு எங்கே உதைக்கிறது?

தெற்குக்கரை:
வரம்பு மக்கள்தொகையில் 5% இல்லை, பதிவான செல்லுபடி வாக்குகளில் 5%. தெற்கு ஸ்லோவாக்கியாவில், குறிப்பாகக் கோமார்னோ பக்கம், வாக்குப்பதிவு நாட்டின் சராசரியைவிடக் குறைவு. ஒரு பேச்சுக்கு நாடு முழுக்க 68%, ஹங்கேரியரில் 58% பேர் வாக்களிக்கிறார்கள் என்று வையுங்கள். 7.75 என்பது அப்போதே 6.6 ஆகிவிடும். அதில் நான்கில் மூன்று பேருக்கும் சற்று மேல் ஒரே கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்குப் போட்டால்தான் 5 தேறும்.

அந்த மூன்று பங்கும் ஒரே பக்கம் விழுவதில்லை. 2009இல் பேலா புகார் என்ற தலைவர் ஹங்கேரியர் கட்சியான எஸ்.எம்.கே.யிலிருந்து பிரிந்து, ஸ்லோவாக்கியரையும் சேர்த்துக்கொண்டு மோஸ்ட்-ஹீத் என்ற கட்சியைத் தொடங்கினார். 2010இல் அது 8.12% வாங்கியது, எஸ்.எம்.கே 4.33% வாங்கி வெளியே நின்றது. அதாவது அன்று கலப்புக் கட்சிதான் ஜெயித்தது. 2016இல் மோஸ்ட்-ஹீத், பிரதமர் ஃபிட்சோவின் கட்சியோடும் ஸ்லோவாக்கிய தேசியக் கட்சியான எஸ்.என்.எஸ்ஸோடும் ஆட்சியில் உட்கார்ந்ததும் ஆதரவு சரிந்தது. எஸ்.என்.எஸ்ஸின் பழைய ஹங்கேரிய எதிர்ப்புப் பேச்சை அந்த ஊர்க்காரர்கள் மறப்பார்களா என்ன?

2020இல் மோஸ்ட்-ஹீத் 2.05%, எஸ்.எம்.கே உள்ளிட்ட எதிரணியின் எம்.கே.ஓ பட்டியல் 3.90%. 2021இல் எல்லாரும் அலியான்சியா என்ற பெயரில் இணைந்தார்கள். 2023இல் கிடைத்தது 4.38%. பழைய இரண்டையும் கூட்டினால் வரும் 5.95ஐக்கூட எட்டவில்லை.

இன்னொரு ஓட்டை: அங்கே வாக்காளர் ஒரு பட்டியலுக்குள் நான்கு பேருக்கு விருப்ப வாக்குப் போடலாம். பெரிய ஸ்லோவாக்கியக் கட்சி தன் பட்டியலில் ஒரு ஹங்கேரியரை நிறுத்தினால், விருப்ப வாக்குகளே அவரை மேலே ஏற்றிவிடும். "வீணாகாத வாக்கு" என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

கார்பாத்தியன்:
ருமேனியாவில் சட்டமே ஒரு பின்கதவு வைத்திருக்கிறது. நாடளவில் 5% கிடைக்காவிட்டாலும், குறைந்தது நான்கு தொகுதிகளில் தலா 20% இருந்தால் போதும். அங்கே ஒவ்வொரு மாவட்டமும் ஒரு தொகுதி. ஹர்கிதா, கோவஸ்னா இரண்டிலும் ஹங்கேரியர் பெரும்பான்மை. முரேஷ், சத்து மாரே இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. நான்கு ஆயிற்று. ஆனால் யு.டி.எம்.ஆர் பெரும்பாலும் முன்கதவு வழியாகவே வந்துவிடுகிறது: 2012இல் 5.13%, 2020இல் 5.74%, 2024இல் 6.33%. போட்டிக்கு வந்த ஹங்கேரியர் கட்சி 2012இல் 0.64% தாண்டவில்லை. என்னைக் கேட்டால் அந்த 20% விதியைவிட இந்த ஒற்றுமைதான் காரணம்.

ஸ்லோவாக்கியாவில் நாடு முழுக்க ஒரே தொகுதி. எனவே தெற்கில் அடர்த்தியாக வாழ்வதால் எந்த லாபமும் இல்லை.

நோவிசாத்:
செர்பியாவையும் பாருங்கள். அங்கே பொது வரம்பு 3%, சிறுபான்மைப் பட்டியலுக்கு வரம்பே கிடையாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, 3%க்குக் கீழே நிற்கும் சிறுபான்மைப் பட்டியலின் ஈவுகளை (வாக்கை 1, 2, 3 என்று வகுத்து வரும் எண்களை) 35% கூட்டித்தான், பெரிய ஈவுக்கு முதலில் இடம் தரும் டி'ஹொன்ட் முறையில் இடம் பிரிக்கிறார்கள். 1,00,000 வாக்கு 1,35,000 போல வேலை செய்யும். 2023இல் ஹங்கேரியர் கட்சியான வி.எம்.எஸ்.இசட் 1.7% வாக்கில் 250க்கு 6 இடம் எடுத்தது. சிக்கல் என்னவென்றால், சலுகைக்காகவே "சிறுபான்மை" என்று பெயர் வைத்துப் பட்டியல் கொண்டுவருகிறார்கள். அந்தத் தகுதியைத் தேர்தல் ஆணையம் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வாக்குப்பெட்டி:
நன்றி. 2020இல் மோஸ்ட்-ஹீத்தும் எம்.கே.ஓவும் கூட்டணி வைத்திருந்தால் 5.95% வந்து உள்ளே போயிருப்பார்களே?

தெற்குக்கரை:
போயிருக்க மாட்டார்கள். கூட்டணி என்று பதிவு செய்தால் இரண்டு, மூன்று கட்சிகளுக்கு வரம்பு 7%, நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் 10%. ஒரே கட்சியின் பெயரில் மற்றவர்களை வேட்பாளராக ஏற்றினால்தான் 5% பொருந்தும். அதே 2020இல் முற்போக்கு ஸ்லோவாக்கியா, ஸ்போலு என்ற இரு கட்சிகள் கூட்டணியாகப் பதிவு செய்து 6.96% வாங்கின, ஒரு இடமும் கிடைக்கவில்லை.