‘பேக்கப் பவர்’: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்ப்பவர்கள், மின்தடை நேரத்துக்கென எந்தக் கருவியை வாங்கி வைப்பது என்று விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். உள்ளடக்கம் முடிந்துவிட்டது, தலைப்பில் நிற்கும் ‘பேக்கப் பவர்’ மட்டும் அடங்க மறுக்கிறது. ‘மாற்று மின்சாரம்’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் சூரிய ஒளி, காற்றாலை பற்றிய நூல் என்று நினைத்துக்கொண்டார். ‘துணை மின்’ என்றால் துணைமின் நிலையம் குறுக்கே வருகிறது. ‘மின்தேக்கி’ எப்போதோ கெப்பாசிட்டருக்குச் சொந்தமாகிவிட்டது. கணினியில் ‘காப்புநகல்’ இருப்பதால் ‘காப்பு மின்சாரம்’ எனலாமா? யூபிஎஸ், இன்வெர்ட்டர், கையில் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி ஆகிய மூன்றையும் அடக்கும் ஒரே பெயர் எனக்குத் தேவை.

– மொழிபெயர்ப்பாளர்

*

மறு: பேக்கப் பவர்

வணக்கம். ‘காப்பு’ மின்னியலில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் சொல். ‘காப்பிட்ட கம்பி’ என்றால் மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. காப்பு மின்சாரம் என்று படிக்கும் மின்பணியாளருக்கு உறைதான் நினைவுக்கு வரும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மூன்றையும் ஒரே பெயரில் கட்டினால், வாங்குபவர் அவற்றை ஒன்றுக்கொன்று ஈடானவை என்று எண்ணிவிடுவார். இன்வெர்ட்டர் என்பது, கண்டிப்பாகப் பார்த்தால், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் பகுதி மட்டுமே. யூபிஎஸ்ஸின் வயிற்றுக்குள்ளும் ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது. புழக்கத்தில் அவை பிரிவது மாறிக்கொள்ளும் வேகத்தால். எளிய வகை யூபிஎஸ் ஏறத்தாழ 10 மில்லிநொடிக்குள் பேட்டரிக்குத் தாவிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலைக்கு 20 மில்லிநொடி ஆகும் என்பதை நினைத்தால், மேசைக் கணினி அந்த இடைவெளியை ஏன் உணர்வதில்லை என்பது விளங்கும். வீட்டு இன்வெர்ட்டர் சில அமைப்புகளில் இன்னும் மெதுவாகத் தாவும்; கணினி அணைந்து மீண்டும் தொடங்கும். லேப்டாப்புக்கு அந்தக் கவலை இல்லை, அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. ஆனால் மோடம் அணைந்தால் கூட்டம் பாதியில் அறுந்துபோகும். ஆகவே முதலில் காக்க வேண்டியது 10 வாட் மட்டுமே இழுக்கும் அந்தச் சின்னப் பெட்டியைத்தான்.

பெயர் எதுவாயினும், ‘மாறுநேரம்’, ‘தாங்குநேரம்’ என்ற இரண்டையும் கையேட்டில் பிரித்து எழுதுங்கள்.

– மின்பொறியாளர்

*

மறு: பேக்கப் பவர்

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். நாம் தேடும் சொல் புறநானூற்றில் கிடக்கிறது. 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியை, உமணர் தம் உப்பு வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த ‘சேம அச்சு’ப் போன்றவன் என்கிறார். எருதுகளோ இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ யாருக்குத் தெரியும் என்றெண்ணி இன்னோர் அச்சை அடியில் கட்டிக்கொள்கிறார்கள். உள்ள அச்சு ஓடும்வரை அது சும்மா தொங்கும். முறியும்போது வேலைக்கு வரும். பேக்கப் என்பதற்கு இதைவிட நுட்பமான விளக்கம் எந்தக் கையேட்டில் இருக்கிறது?

சேமம் என்பதன் மகர ஒற்று நன்னூல் 219ஆம் நூற்பாப்படி கெட்டு, ‘சேமமின்’ என்றாகும். வல்லினம் வந்தால் ‘சேமக்கலம்’ என்று மிகும். பேட்டரிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

– தமிழாசிரியர்

*

மறு: மறு: பேக்கப் பவர்

சேமம் வடசொல்லான க்ஷேமத்தின் திரிபு. பாதுகாப்பைக் குறிக்கும் தூய சொல் ‘ஏமம்’ இருக்கையில் நமக்கு அது எதற்கு? திருக்குறள் 306 ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்கிறது. நடுக்கடலில் கைகொடுக்கும் தெப்பம் அது. ‘ஏமமின்’ என்று துணிந்து எழுதுங்கள். ‘மின்சாரம்’ என்பதிலுள்ள சாரத்தையும் இந்தச் சாக்கில் விட்டுவிடலாம்.

– தனித்தமிழ் அன்பர்

*

மறு: மறு: பேக்கப் பவர்

அன்பரே, ஏமமே சகரம் ஏறிச் சேமமாயிற்று என்பது என் கருத்து. இறகு சிறகாயிற்று, இப்பி சிப்பியாயிற்று, அமணர் சமணராயினர்.

– தமிழாசிரியர்

*

மறு: மறு: மறு: பேக்கப் பவர்

அமணர் என்பது வடசொல்லான ச்ரமணத்தின் தலையெழுத்துத் தேய்ந்த வடிவம். சகரம் ஏறவில்லை ஐயா, உதிர்ந்தது. உங்கள் மூன்றாம் சான்று எனக்கு அல்லவா சாட்சி சொல்கிறது!

– தனித்தமிழ் அன்பர்

*

மறு: பேக்கப் பவர்

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். ‘சேமமின்’ என்று கேட்டதும் நூற்றில் தொண்ணூறு பேர் ‘மின்சேமிப்பு’ என்றுதான் கொள்வார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், விளக்கை அணையுங்கள் என்ற அறிவுரையை எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டுவார்கள். ‘ஏமமின்’ என்பதை என் வீட்டில் படித்துக் காட்டினேன். ஏமாற்றும் மின்சாரமா என்று கேட்டார்கள். சேமக்கலம் பற்றியும் ஒரு சொல்: அகராதியைத் திறந்தால் அது கோலால் தட்டும் வெண்கலத் தாளக்கருவி. பேட்டரி பேட்டரியாகவே இருக்கட்டும்.

வாசகருக்கு உண்மையில் தேவைப்படுவது கணக்கு. லேப்டாப் 60 வாட், திரை 30, மோடம் 10; ஆக 100 வாட். நான்கு மணி நேரம் தாங்க 400 வாட்-மணி. இன்வெர்ட்டரில் 15 விழுக்காடு வீணாவதாகக் கொண்டால் 470. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும் என்பதால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 80 ஆம்பியர்-மணி வருகிறது. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகையை ஏறத்தாழ முழுவதுமாக வடிக்கலாம் என்பதால் அதில் பாதிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். நீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதையும், பெட்ரோல் ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் என்பதால் பால்கனியில்கூட அதை ஓட்டக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். ‘தாங்குநேரம்’ மிக நல்ல சொல். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

– கையேடு வாங்கப்போகும் ஒருவர்

*

மறு: மறு: பேக்கப் பவர்

கணக்கு சரி. லேசர் அச்சுப்பொறியை மட்டும் யூபிஎஸ்ஸில் செருகிவிடாதீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். மையைச் சூட்டில் ஒட்டவைக்கும்போது அது இழுக்கும் மின்சாரத்தை ஒரு சிறிய யூபிஎஸ் தாங்காது. ‘மின்சாரம்’ என்று முழுமையாக எழுதினால் உறை என்ற குழப்பம் பெரும்பாலும் நீங்கும் என்பதால், ‘காப்பு மின்சார’த்துக்கு நான் இனிக் குறுக்கே நிற்கவில்லை. ‘காப்பு மின்’ என்று மட்டும் வெட்டாதீர்கள்.

– மின்பொறியாளர்

*

மறு: பேக்கப் பவர் – தற்போதைக்கு

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ‘காப்பு மின்சாரம்’ போகிறது. எவருக்கும் அது பிடித்துப்போனதாகத் தெரியவில்லை, ஆனால் எவருக்கும் புரியாமலும் இல்லை. உள்ளே யூபிஎஸ், இன்வெர்ட்டர், பேட்டரி அப்படியே நிற்கும். மாறுநேரம், தாங்குநேரம் இரண்டையும் தயக்கமின்றி எடுத்துக்கொண்டேன். ஆசிரியர் ஐயாவின் சேம அச்சை முன்னுரையில் சேர்த்திருக்கிறேன்.

– மொழிபெயர்ப்பாளர்

*

மறு: மறு: பேக்கப் பவர் – தற்போதைக்கு

முன்னுரையில் வைத்ததற்கு நன்றி. தலைப்பை ஏற்கவில்லை. நான் என் வகுப்பில் சேமமின் என்றே சொல்வேன்.

– தமிழாசிரியர்

*

மறு: மறு: மறு: பேக்கப் பவர் – தற்போதைக்கு

இரண்டாம் பதிப்பு எப்போது?

– தனித்தமிழ் அன்பர்