சர்க்கரை இல்லை, ஆனாலும் தீராத தாகம்: தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டிக்காக என் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்து மூன்று வாரமாகிறது. அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர் போலவே அடிக்கடி சிறுநீர் போகிறது. தலைமாட்டில் வைக்கும் இரண்டு லிட்டர் கூஜா விடிவதற்குள் காலியாகிவிடுகிறது. இரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கிறது. அதிகம் குடிப்பதால்தான் இப்படி என்று வீட்டுப் பெரியவர்கள் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து குறைக்காதீர்கள். நீர் போய்க்கொண்டே இருப்பதால்தான் உங்கள் அக்கா குடிக்கிறார். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டினாலும், ஒன்றரை லிட்டர் அளவே வெளியேறுகிறது. மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அதில் கடைசிப் பங்கு வாசோபிரெசின் என்னும் ஹார்மோனின் கையில் இருக்கிறது. இரத்தத்தின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு விழுக்காடு கூடினாலே மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதி அதை உணர்ந்து, தான் உருவாக்கிப் பிட்யூட்டரியின் பின்பகுதியில் சேர்த்து வைத்திருக்கும் இந்த ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களை அடைந்ததும், அங்குள்ள செல்களுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின் என்ற நுண்ணிய நீர்வழிகள் செல்லின் மேற்பரப்பில் வந்து பொருந்தி, நீரை உடலுக்குள் திருப்பிவிடுகின்றன. (அக்வாபோரினைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.)

அறுவையில் பிட்யூட்டரியின் பின்பகுதியோ, அதை ஹைபோதலாமஸோடு இணைக்கும் காம்போ பாதிக்கப்பட்டால் இந்த ஹார்மோன் குறைந்துபோகும். டயாபடிஸ் இன்சிபிடஸ் என்பது இதுதான். நீரிழிவு என்ற சொல்லின் நேர்ப்பொருள் சர்க்கரை நோயைவிட இதற்கே நன்றாகப் பொருந்துகிறது. இந்த நிலையில் தாகம்தான் அவருக்குக் காவல். தண்ணீரைத் தடுத்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி, குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். இன்றே மருத்துவரிடம் காட்டி, இரத்தச் சோடியத்தையும் சிறுநீரின் செறிவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். சோடியத்தைப் பிடித்து வைத்து அதன் வழியே நீரையும் நிறுத்தும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறது. அது பெரும்பாலும் பிட்யூட்டரியை நம்பியிருப்பதில்லை. ஆனால் அதே அட்ரீனலில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் நம்பியிருக்கிறது. அது குறைந்திருந்தால் இந்த நீர்ப்போக்கு ஓரளவு மறைந்தும் இருக்கும் என்பதால், அந்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.

பதில் 3:
என் தம்பிக்கும் இதே நிலைதான். வாசோபிரெசினுக்கு மாற்றாகத் தரும் டெஸ்மோபிரெசின் மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் குறைந்தது. ஆனால் பழக்கத்தில் முன்போலவே குடித்ததால், சில நாட்களில் சோடியம் இறங்கித் தலைவலியும் வாந்தியும் வந்துவிட்டன. மருந்து தொடங்கினால் தாகத்துக்கு மட்டுமே குடிக்கட்டும். குடித்த அளவையும் போன அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவர் அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு மாத்திரையின் அளவைத் திருத்தினார்.