மிர்-375 இன்சுலின் சுரப்பைத் தடுக்கிறது என்றால், அதை நீக்கிய சுண்டெலிகளுக்குச் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி | முதுநிலை மாணவி

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் மைக்ரோ ஆர்என்ஏக்கள் (பிற மரபணுக்களின் செயலைக் குறைக்கும் மிகச் சிறு ஆர்என்ஏ துண்டுகள்; மிர்-375 அவற்றுள் ஒன்று) ஆற்றும் பணி குறித்துப் படித்து வருகிறேன். 2004ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களில் மிர்-375 மிகுந்தால் குளுக்கோஸ் தூண்டும் இன்சுலின் சுரப்பு குறைகிறது என்றும், அதை முடக்கினால் சுரப்பு கூடுகிறது என்றும் காட்டியது. அப்படியானால் மிர்-375ஐ உருவாக்கும் மரபணுவையே நீக்கிய சுண்டெலிக்கு இன்சுலின் தாராளமாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். ஆனால் 2009இல் வெளியான ஆய்வில் அத்தகைய சுண்டெலிகளுக்குச் சர்க்கரை ஏறியே இருந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே குழுவினரின் ஆய்வுகள் என்பதால், ஒன்றை நம்பி மற்றொன்றைத் தள்ளிவிடவும் இயலவில்லை. இவற்றை எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

மறுமொழி | செல் உயிரியல் ஆசிரியர்

முரண் போலத் தோன்றினாலும், இரு ஆய்வுகளும் அளந்தவை வெவ்வேறு. முதல் ஆய்வு, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் ஒரு செல் எவ்வளவு இன்சுலினை வெளியேற்றுகிறது என்று பார்த்தது. மிர்-375 அங்கே மயோட்ரோஃபின் என்னும் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. குளுக்கோஸ் சிதைவிலோ கால்சியம் சமிக்ஞையிலோ மாற்றம் எதுவும் இல்லாமல், இன்சுலின் நிறைந்த நுண்பைகள் செல் சவ்வோடு இணைந்து திறக்கும் கடைசிக் கட்டம் மட்டுமே தளர்கிறது.

இரண்டாம் ஆய்வோ முழு உயிரியைப் பார்த்தது. கருவிலிருந்தே மிர்-375 இல்லாமல் வளர்ந்த சுண்டெலிகளில் பீட்டா செல்கள் போதிய அளவு பெருகவில்லை. குளுக்ககான் என்னும், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்களோ மிகுந்துவிட்டன. குளுக்ககான் உயர்ந்ததால் கல்லீரல் குளுக்கோஸை மேலும் மேலும் உற்பத்தி செய்து இரத்தத்தில் விட்டது. செல் ஒவ்வொன்றும் சற்றுக் கூடுதலாகவே சுரந்தாலும், செல்களின் எண்ணிக்கை குறைந்து, இன்சுலினுக்கு எதிர்த்திசையில் இயங்கும் குளுக்ககானும் கூடிவிட்டால் சர்க்கரை ஏறத்தானே செய்யும்? மரபணுக் குறையால் உடற்பருமன் கொண்ட, ஓபி எனப்படும் வகைச் சுண்டெலிகளிலும் இதே மரபணுவை நீக்கியபோது, கூடுதல் தேவைக்கு ஏற்பப் பீட்டா செல்களைப் பெருக்கும் ஆற்றல் வெகுவாகக் குன்றி, கடுமையான நீரிழிவே வந்தது.

2015இல் வெளியான தொடர்ச்சி ஆய்வையும் படியுங்கள். மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் பீட்டா செல்களில் மட்டும் மிர்-375ஐ மீண்டும் இயங்கச் செய்ததே, ஆல்ஃபா செல்களின் மிகுதியையும் சர்க்கரையையும் இயல்புக்குக் கொண்டுவரப் போதுமானதாக இருந்தது. என் பார்வையில் இந்த வாதத்தின் வலுவான சான்று இதுவே.

மறுமொழி | ஆய்வு மாணவர்

மேலே சொன்னதோடு மிர்-184 என்னும் மற்றொரு மைக்ரோ ஆர்என்ஏவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள மைக்ரோ ஆர்என்ஏ தனியாக எதையும் செய்வதில்லை. தன்னைச் சுமக்கும் ஆர்கோனாட் என்னும் புரதத்தில் அமர்ந்த பிறகே, தன் முனையிலுள்ள விதைப் பகுதி என்னும் குறுந்தொடரால் இலக்குத் தூது ஆர்என்ஏவை (மரபணுவின் செய்தியைச் சுமப்பது) பற்றிக்கொண்டு, அதன் மொழிபெயர்ப்பை, அதாவது அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. பீட்டா செல்லில் மிர்-184 தாக்கும் இலக்குகளுள் ஒன்று, வியப்பாக, அந்தச் சுமக்கும் புரதங்களுள் ஒன்றான ஆர்கோனாட்-2தான். இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காத நிலை) உருவாகும்போது மிர்-184 அடங்குகிறது, ஆர்கோனாட்-2 கூடுகிறது, அதன் துணையோடு மிர்-375 வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுக்களை ஒடுக்க, பீட்டா செல்கள் பெருகுகின்றன. ஆகவே மிர்-375இன் அளவை மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வருவது போதாது. அதைச் சுமந்து செல்லும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பெருக்கமும் சுரப்பும் தனித்தனியே ஆளப்படுகின்றன என்பது இப்போது விளங்குகிறது. இரத்தத்தில் மிர்-375ஐ அளந்தே பீட்டா செல்களின் அழிவை முன்கூட்டி அறியலாம் என்று சில கட்டுரைகள் கூறுகின்றனவே, அதை எந்த அளவுக்கு ஏற்கலாம்?

மறுமொழி | செல் உயிரியல் ஆசிரியர்

எச்சரிக்கையோடு மட்டுமே. நான் குறிப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வே இதையும் சோதித்தது: சுண்டெலி இரத்தத்தில் சுற்றும் மிர்-375இல் பீட்டா செல்களின் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. குடல் போன்ற பிற இடங்களிலும் அது உருவாகிறது. பீட்டா செல்களைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்தியதைப் போலத் திடீரென ஏராளமான பீட்டா செல்கள் அழிந்தால் இரத்த அளவு தெளிவாக உயரும். ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும் இழப்பில் அந்தச் சிறு மாற்றம் பிற உறுப்புகளின் பங்கில் மறைந்துவிடும்.

மருந்தாக்கும் எண்ணம் இருந்தால், மிர்-375ஐ விட மிர்-7 என்னும் வேறொரு மைக்ரோ ஆர்என்ஏ ஓரளவு நேரான இலக்கு என்பது என் கருத்து. பீட்டா செல்களில் மட்டும் அதன் ஒரு வடிவமான மிர்-7ஏவை நீக்கிய சுண்டெலிகளில் இன்சுலின் சுரப்பு மேம்பட்டது. அதை மிகைப்படுத்தியவற்றில் செல்கள் தம் அடையாளத்தையே இழந்து நீரிழிவு வந்தது. ஆனால் மூளையிலும் மிர்-7 மிகுதியாக இருப்பதால், தடுப்பு மூலக்கூறைப் பீட்டா செல்லுக்கு மட்டும் கொண்டுசேர்க்கும் வழி இல்லாமல் அந்த முயற்சியும் எளிதாக நகராது.