கே1 அட்லஸ் வால்மீன்: ஸ்டாக் செய்தால் இரண்டு கரு தெரிகிறது, நிஜமா என் தவறா?

தோப்புவானம்:
வணக்கம். நவம்பர் 16 விடியற்காலை கிருஷ்ணகிரி பக்கம் மாமாவின் மாந்தோப்பில் இருந்து சி/2025 கே1 அட்லஸைப் படம் எடுத்தேன். 150 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியன் தொலைநோக்கி, ஏஎஸ்ஐ 533 கேமரா, தலா 30 விநாடியில் 80 ஃப்ரேம். நவம்பரில் நம் ஊரில் மேகமில்லாத நாற்பது நிமிடம் கிடைத்ததே அதிர்ஷ்டம்.

ஆஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் வால்மீனின் வேகத்தையும் திசையையும் கொடுத்து ஸ்டாக் செய்தேன்; அதாவது, ஃப்ரேம்களை நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தி, ஒவ்வொன்றையும் அதன் நேரப்படி வால்மீன் நகர்ந்த அளவுக்கு நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். கரு (வால்மீனின் தலையில் உள்ள மையம்) இரண்டாகத் தெரிகிறது, இடைவெளி 8 பிக்சல். தனி ஃப்ரேமில் மங்கலாக ஒன்றுதான் இருக்கிறது. இது உடைந்துவிட்டது என்று செய்தி வந்திருக்கிறதே, அதையே நானும் பிடித்துவிட்டேனா? வானில் அதன் நிலையை அளந்து, இந்த அளவைகளைத் தொகுக்கும் மைனர் பிளானெட் சென்டருக்கு அனுப்பலாமா? கை பரபரக்கிறது.

கொலிமேஷன்காரன்:
முதலில் நட்சத்திரங்களைப் பாருங்கள். தனி ஃப்ரேமில் அவையும் இரட்டையாகவோ முட்டை வடிவிலோ இருந்தால் கண்ணாடி, மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தளம்), காற்று, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

தோப்புவானம்:
பார்த்துவிட்டேன் அண்ணா. நட்சத்திரங்கள் உருண்டையாகத்தான் இருக்கின்றன.

புதுமுகம்22:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வேற்று உலகத்து விண்கலம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்த அட்லஸா இது?

எட்டங்குலம்:
இல்லை. அட்லஸ் என்பது வானத்தைத் துழாவும் திட்டத்தின் பெயர். அது எந்த வால்மீனைக் கண்டுபிடித்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்வது 3ஐ அட்லஸ், நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்மீன். அதுவும் விண்கலம் அல்ல. கே1 நம் சூரியக் குடும்பத்தின் வெளிவிளிம்பிலிருந்து வந்தது. அக்டோபர் 8 அன்று சூரியனுக்கு 5 கோடி கி.மீ. வரை போய், வெந்து, திரும்பி வரும் வழியில் உடைந்திருக்கிறது.

தோப்புவானம் தம்பிக்கு: அவசரப்பட்டு எதையும் அனுப்பிவிட வேண்டாம். இத்தாலியின் ஆசியாகோவில் 1.82 மீட்டர் தொலைநோக்கியில் 11-12 இரவு எடுத்த படத்தில் இரண்டு பெரிய துண்டுகள் தெரிந்தன, இடைவெளி சுமார் 2000 கி.மீ. நீங்கள் எடுத்த அன்று அது 7 கோடி கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்தில் 2000 கி.மீ. என்பது ஐந்தரை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). உங்கள் கருவியில் ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு ஆர்க்செகண்ட். ஆக, 8 பிக்சல் நடக்கவே முடியாத கணக்கு இல்லை, துண்டுகள் நாளாக ஆக விலகும். ஆனால் அன்று அது நிமிடத்துக்கு 8 ஆர்க்செகண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அந்த 8-ம் இந்த 8-ம் ஒத்துப்போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரண்டு சோதனை செய்யுங்கள். அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோடு எந்தப் பக்கம் போகிறது? உடைந்த துண்டு பெரும்பாலும் வால் பக்கமாகத்தான் பின்தங்கும். இப்போது வால் போகும் திசைக்கும் வால்மீன் நகரும் திசைக்கும் இடையே சுமார் 40 டிகிரி இருக்கிறது, எனவே குழப்பம் வராது. அடுத்தது, முதல் 40, கடைசி 40 ஃப்ரேம்களைத் தனித்தனியாக ஸ்டாக் செய்யுங்கள். நிஜமான துண்டு என்றால் இரண்டிலும் இரட்டையாக வர வேண்டும்.

தோப்புவானம்:
போச்சு. கோடு நகரும் திசையிலேயே இருக்கிறது. முதல் பாதியில் ஒரே கரு. கடைசிப் பாதியில் ஒன்று பளிச்சென்று, பக்கத்தில் மங்கலாக இன்னொன்று.

எட்டங்குலம்:
அப்படியானால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. மவுண்ட் குதித்திருந்தாலும் நட்சத்திரங்களை வைத்துச் சரியாகிவிடும். சரியாகாதது நேரம் மட்டும்தான். ஃப்ரேம்களின் நேர முத்திரையை வரிசையாகப் பாருங்கள். ஸ்டாக் செய்யும்போது லேப்டாப்பில் எதையாவது தொட்டீர்களா என்று கேட்கவில்லை, படம் எடுக்கும்போது தொட்டீர்களா?

தோப்புவானம்:
ஐயோ, தொட்டேன்! தெற்கே மேகம் ஏறுவது போல இருந்தது. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு செயற்கைக்கோள் படம் பார்த்தேன்.

நேர முத்திரை: ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 32 விநாடி இடைவெளி. 46-க்கும் 47-க்கும் இடையே மட்டும் 95 விநாடி. நெட் கிடைத்ததும் லேப்டாப் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது. 63 விநாடி பின்னால் ஓடியிருக்கிறது பாழாய்ப்போனது.

எட்டங்குலம்:
63 விநாடிக்கு 8.4 ஆர்க்செகண்ட். உங்கள் இரண்டாவது கரு அதுதான். முதல் 46 ஃப்ரேமின் ஹெடரில் (படக்கோப்பில் நேரம் பதிவாகும் இடம்) 63 விநாடி கூட்டிவிட்டு மறுபடி ஸ்டாக் செய்யுங்கள். நிலையளவை அப்படியே அனுப்பியிருந்தால் அதுவும் இதே அளவு பிழையோடு போயிருக்கும். இனிமேல் படம் எடுக்கும் முன்பே நேரத்தைச் சரிசெய்துவிட்டு, நெட்டை அணைத்துவிடுங்கள்.

தோப்புவானம்:
சரிசெய்துவிட்டேன். இப்போது ஒரே கரு, கொஞ்சம் நீண்டு இருக்கிறது.

கொலிமேஷன்காரன்:
30 விநாடியில் வால்மீனே 4 ஆர்க்செகண்ட் நகர்ந்துவிடுகிறது, நீளாமல் என்ன செய்யும்? இப்படி இழுபட்டால் ஐந்தரை ஆர்க்செகண்ட் இடைவெளியைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எக்ஸ்போஷரை 10 விநாடியாகக் குறையுங்கள், கெயினை (கேமராவின் உணர்திறன் அமைப்பை) ஏற்றுங்கள். பூமியை நெருங்க நெருங்க வேகம் இன்னும் கூடும். 20-ம் தேதி அமாவாசை, நிலாத் தொல்லையும் இல்லை.

எட்டங்குலம்:
நீளம் என்றால் இளக்காரம் வேண்டாம். 2020-ல் சி/2019 ஒய்4 அட்லஸ் உடைந்தபோது, ஏப்ரல் முதல் வாரத்தில் முதலில் தெரிந்தது கரு நீண்டதுதான். அதே மாதம் 20-ம் தேதி ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் சுமார் 30 துண்டுகள் தெரிந்தன.

தோப்புவானம்:
19-ம் தேதி மறுபடி போனேன். 10 விநாடியில் 150 ஃப்ரேம். ஹாட்ஸ்பாட் போடவில்லை, மொபைலையே காருக்குள் வைத்துவிட்டேன். ஸ்டாக்கில் கரு நிலக்கடலை மாதிரி இருக்கிறது. நகரும் திசையில் இல்லை, வால் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

எட்டங்குலம்:
நல்ல சேதி. இரண்டு பாதியையும் தனித்தனியாகப் போட்டீர்களா? இரண்டிலும் கடலையா?

தோப்புவானம்:
முதல் பாதியில் கடலைதான் அண்ணா. இரண்டாம் பாதியில் இருபதாவது ஃப்ரேமுக்கு அப்புறம் மேகம் மட்டும்தான் இருக்கிறது.