"முற்றுப்புள்ளி எங்க வைக்கணும் டீச்சர்?"

தொடக்கப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் பத்தி எழுதுவதும் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். ஆறு, ஏழு எடுப்பவர்களும் வாருங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 14 வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, "நேற்று என்ன செய்தீர்கள்? ஒரு பத்தி எழுதுங்கள்" என்றேன். அஞ்சாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அவ்வளவும் ஒரே வாக்கியம். "நேத்து காலையில எழுந்து பல்லு வெளக்கி டீ குடிச்சிட்டு அம்மாகூட கழனிக்குப் போயி களை எடுத்துட்டு..." என்று போய்க்கொண்டே இருந்தது.

அதற்கு முந்தின வருஷம்வரை சிவப்புப் பேனாவை எடுத்துக் கண்ணில் பட்ட தப்புக்கெல்லாம் வட்டம் போடுவேன். ஒரு பையனின் ஒரே பக்கத்தில் 31 வட்டம் போட்டிருக்கிறேன். அடுத்த தடவை அவன் மூன்றே வரியோடு நிறுத்திக்கொண்டான். தப்பு குறைந்தது, எழுத்தும் போய்விட்டது. அந்த மூன்று வரி இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். அதனால் இந்தப் பிள்ளையின் நோட்டில் கை வைக்காமல், "நீ எழுதினதை நிறுத்தாமல் படி" என்றேன். புள்ளி இல்லாததால் நிறுத்த இடமில்லை. பாதியில் மூச்சு வாங்கியது. "முற்றுப்புள்ளி எங்க வைக்கணும் டீச்சர்?" என்று அவளே கேட்டாள்.

அன்றைக்குத்தான் வினையெச்சத்தையும் வினைமுற்றையும் முதல்முறை ஒழுங்காக நடத்தினேன் என்று சொல்லலாம். எழுந்து, வெளக்கி, குடிச்சிட்டு, போயி என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி, "இதில் எதிலாவது வேலை முடிந்ததா?" என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "எச்சம்னா மிச்சம்தானே டீச்சர்?" என்றான். அவன் சொன்னதுதான் அந்தச் சொல்லின் பொருளே. மிச்சம் இருக்கிறவரை புள்ளி வராது, வேலை முற்றிய இடத்தில் வரும். அப்புறம் அவரவர் நோட்டில் எச்சத்துக்கெல்லாம் அடிக்கோடு போட்டு, எதை முற்றாக மாற்றலாம் என்று தேடினார்கள். எழுந்து என்பது எழுந்தேன் ஆனது, போயி என்பது போனோம் ஆனது.

இன்னொன்றும் நடந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தின் கடைசியில், களை எடுக்கும்போது புல்லுக்குள் கௌதாரி முட்டை பார்த்ததாக ஒரு துண்டு இருந்தது. "இதில் எதைச் சொல்ல உனக்கு ஆசை?" என்றேன். யோசிக்காமல் முட்டை என்றாள். பல் விளக்கியதும் டீ குடித்ததும் அவள் கையாலேயே போயின. முட்டையின் நிறம், அம்மா தொடாதே என்றது, மத்தியானம் மறுபடி போய்ப் பார்த்தது எல்லாம் புதிதாக வந்தன. ஏழு வாக்கியம். அதுதான் அந்த வகுப்பின் முதல் பத்தி.

பட்டதாரி ஆசிரியர், தமிழ், திருநெல்வேலிப் பக்கம்

டீச்சர், எங்கள் பக்கம் பத்தி என்றாலே 'அதைப் பத்தி, இதைப் பத்தி' என்கிற பத்திதான். அதையே பிடித்துக்கொண்டேன். ஆறாம் வகுப்பில் யார் நோட்டை நீட்டினாலும் முதல் கேள்வி, "இது எதைப் பத்தி?" பதிலில் 'உம்' வந்தால், அதாவது கோயில் கொடைத் திருவிழாவைப் பத்தியும் மாமா வந்ததைப் பத்தியும் என்று சொன்னால், அது இரண்டு பத்தி.

எனக்குப் பெரிய வேலை பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில்தான். பலகையில் இரண்டு கட்டம் போடுவேன். ஒன்று வீட்டுத் தமிழ், மற்றது ஏட்டுத் தமிழ். "அவிய வந்தாவ" இந்தப் பக்கம், "அவர்கள் வந்தார்கள்" அந்தப் பக்கம். வீட்டுத் தமிழைத் தப்பு என்று என் வகுப்பில் யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் என்னை அப்படிச் சொல்லி எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். என் ஆச்சி பேசுகிற பேச்சே தப்புபோல எனக்குத் தோன்றிவிட்டது.

'மாடுகள் வந்தது' என்று பிள்ளை எழுதினால் கவனக்குறைவு என்கிறோம். பேச்சில் 'மாடெல்லாம் வந்துச்சு' என்றுதானே நாமே சொல்கிறோம்? அஃறிணைப் பன்மைக்கு வாயில் தனி விகுதி இல்லை. 'வந்தன' என்பதை ஏட்டில் மட்டும்தான் பிள்ளை பார்க்கிறது. அதைப் புதிய சொல்போலவே கற்பிக்க வேண்டும். நான் ஒரு வாரம் முழுக்க மைதானத்தில் நின்று காட்டச் சொன்னேன்: காக்கை கரைகிறது, காக்கைகள் கரைகின்றன; இலை விழுந்தது, இலைகள் விழுந்தன. வெள்ளிக்கிழமை பத்தி எழுதியபோது பாதிப் பேர் சரியாக எழுதினார்கள். மீதிப் பேருக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

வீட்டுத் தமிழுக்குப் பத்தியிலும் இடம் கொடுத்தேன். ஒரு பையன் தன் ஆச்சியைப் பற்றி எழுதினான். கதை சொல்வது ஏட்டுத் தமிழில், ஆச்சி வாய் திறந்தால் மட்டும், மேற்கோள் குறிக்குள், "ஏலே, எங்கல போற?" மேற்கோள் குறியைத் தனிப் பாடமாக நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

சேர் சொன்னது எங்களுக்கும் பொருந்தும், கொஞ்சம் வேற மாதிரி. எங்கட பிள்ளையள் "அப்பா நேற்று கொழும்பிலயிருந்து வந்தவர்" எண்டு எழுதுவினம். பேச்சில அது முடிஞ்ச வசனம். எழுத்தில 'வந்தவர்' வினையாலணையும் பெயர். வந்தவர் என்ன செய்தார் எண்டு வாசிக்கிற ஆள் காத்துக்கொண்டிருப்பார். நான் பிள்ளைகளிட்ட அப்பிடியே கேப்பன்: "வந்தவர், பிறகு?" உடன பிள்ளை "வந்தார்" எண்டு திருத்தும். இலக்கணப் பெயரைப் பிறகுதான் சொல்லுவன்.

நான் படிப்பிக்கிறது தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை வருசம் எண்டதால வீடுகளில ஒரே பதற்றம். ஒருமுறை 28 கட்டுரைகள் திருத்தினன். எல்லாத்துக்கும் ஒரே முதல் வரி, ஏனெண்டால் எல்லாரும் ஒரே இடத்தில பாடமாக்கினவை. அந்த நேரம் எனக்கு அழுகை வந்திட்டுது. பிள்ளையளில கோவம் இல்லை, அதுகளின்ர குரலே அந்தக் கட்டில இல்லையெண்ட கவலை.

அடுத்த நாள், "இந்த வகுப்பில வேற ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டை எழுதுங்கோ" எண்டு சொன்னன். ஒரு தீவுப் பக்கத்துப் பிள்ளை தங்கட கிணற்றடியைப் பற்றி எழுதினாள். கிணத்துத் தண்ணி உவராப் போச்சு. குளிக்க மட்டும்தான் அது. குடிக்கிற தண்ணிக்கு அம்மா சைக்கிளில ரெண்டு கான் கட்டிக்கொண்டு கோயில் கிணத்துக்குப் போவா. வரேக்க ஒரு கான் முன்னுக்கு, ஒரு கான் பின்னுக்கு, அதால இவள் நடந்து வரோணும். எட்டே வசனம். எழுத்துப் பிழை அஞ்சு. அதை வாசிச்சுக் காட்டேக்க வகுப்பு அசையாமல் இருந்தது.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, சேலம்

ஒரே ஒரு கேள்வி. என் வகுப்பில் 38 பேர். வாரம் ஒரு பத்தி என்றால் திருத்துவது எப்படி?

விழுப்புரம் ஆசிரியை

வாரத்துக்கு ஒரே ஒரு தப்பு மட்டும் பாருங்கள் டீச்சர், அது எது என்பதைத் திங்கட்கிழமையே பலகையில் எழுதிவிடுங்கள். இந்த வாரம் முற்றுப்புள்ளி என்றால் ற-வும் ர-வும் மாறியிருந்தாலும் கை வைக்காதீர்கள். மனசு கேட்காது, ஆனால் கேட்கவைக்க வேண்டும்.

தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் மூன்றாம் வகுப்புவரை வந்து, மறு வருஷம் எங்கள் நாலு, அஞ்சுக்கும் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கப் பழகினோம். நான் அதை வைத்தே ஜோடி சேர்த்தேன். எழுதத் தடுமாறுகிற அரும்புப் பிள்ளை கதையைச் சொல்லும், மலர்ப் பிள்ளை எழுதும். சொல்கிற பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் நல்ல கதை கைவசம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

எல்லாவற்றையும் படித்தேன், மகிழ்ச்சி. ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். மனப்பாடத்தை முழுக்கத் தள்ள வேண்டாம். ண, ன, ந மயக்கத்துக்கு எங்கள் ஆசிரியர் கொடுத்த மூன்று பெயர்கள் எனக்கு 70 வயதிலும் துணை நிற்கின்றன: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட-வுக்கு முன்னால் ண் வரும், வண்டி. ற-வுக்கு முன்னால் ன் வரும், கன்று. த-வுக்கு முன்னால் ந் வரும், பந்து. இன எழுத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. 'மூன்று சுழி, இரண்டு சுழி' என்று சொல்லும் ஆசிரியர்கள் தயவுசெய்து இந்தப் பெயர்களையும் சொல்லுங்கள்.

ஆனால் விழுப்புரம் அம்மா பிள்ளை எழுதிய வாக்கியத்திலிருந்தே இலக்கணத்தைத் தொடங்கியது சரி. பவணந்தியாரின் நன்னூல் எழுத்ததிகாரத்தில் தொடங்கிச் சொல்லதிகாரத்துக்குப் போகிறது. ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் 'கற்கண்டு' என்னும் இலக்கணப் பகுதியும் எழுத்திலிருந்தே தொடங்குகிறது. நூலுக்கு அது அழகு. குழந்தையோ தொடரிலிருந்து தொடங்குகிறது. பேச வந்த நாள்முதல் அதன் கையில் இருப்பது தொடர்தான்.

ஒற்று விஷயத்தில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். விட்ட ஒற்றுகளையெல்லாம் ஓர் ஆண்டு விடாமல் போட்டுக் காட்டினேன். முடிவில் பிள்ளைகள் பயந்துபோய் 'வந்தப் பையன்', 'படித்தப் புத்தகம்' என்று மிகாத இடத்திலும் போட ஆரம்பித்தார்கள். பெயரெச்சத்தின் பின் மிகாது என்று விதி சொல்லி மேலும் குழப்பினேன். அடுத்த ஆண்டு மூன்றே இடம் வைத்துக்கொண்டேன்: அந்த, இந்த, எந்த ஆகியவை ஒன்று; ஐ உருபு ஒன்று; கு உருபு ஒன்று. அந்தப் பையன், பூனையைப் பார்த்தேன், கடைக்குப் போனேன். வாய்விட்டுப் படிக்கச் செய்தால் காதே காட்டிக்கொடுக்கும். பிறகு 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இரண்டையும் எழுதிப்போட்டேன். ஒன்றில் வேலை கேட்கிறான், மற்றதில் முருகனின் வேலைக் கேட்கிறான் என்று புரிந்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி வைத்த எழுத்துக்கு இத்தனை பலமா என்று ஒரு சிறுமி கேட்டாள்.

ஒரு தாய், சிங்கப்பூர்

நான் ஆசிரியர் இல்லை. என் மகன் தொடக்கநிலை 5. வீட்டில் ஆங்கிலம் அதிகமாகிவிட்டது. "நான் பேருந்தை எடுத்தேன்" என்று கட்டுரையில் எழுதுகிறான். ஒவ்வொரு சொல்லும் தமிழ், வேற்றுமை உருபும் சரி, வாக்கியம் தமிழ் இல்லை. திருத்தித் திருத்திச் சலித்து, கடைசியில் தேவகோட்டையில் இருக்கும் என் அப்பாவுக்குத் தினமும் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பும்படி மகனிடம் சொன்னேன். அப்பா பதில் அனுப்புவார்: "பஸ்ஸுல வந்தியாய்யா?" மகன் அந்தப் பதில்களைக் கேட்டு எழுதுகிறான். போன மாதம் 'பேருந்தில் சென்றேன்' என்று தானாக எழுதினான்.

விழுப்புரம் ஆசிரியை

கௌதாரி முட்டைப் பிள்ளை இப்போது பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். போன வாரம் சாயங்காலம் நோட்டோடு வந்தாள். கன்றுக்குட்டியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். புள்ளியெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, ஒரு வாக்கியம் மட்டும் நீளம்: "கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, வரப்பைத் தாண்டி, வாய்க்காலில் விழுந்து, எழுந்து, உடம்பை உதறி, மறுபடியும் ஓடியது."

"இங்க மட்டும் புள்ளி வைக்க மனசு வரல டீச்சர். அது எங்கயும் நிக்கவே இல்ல" என்றாள்.

நானும் வைக்கச் சொல்லவில்லை.