சாஸ் நீல அட்டை வருமான வரம்பு: அக்கம்பக்கத்தார் சேர்ந்து கோரிக்கை வைப்பது எப்படி?

உட்லண்ட்ஸ்வாசி:
எங்கள் புளோக்கில் ஏழு குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். பிள்ளைகளோடு ஒரே முகவரியில் இருக்கும் பெற்றோருக்கு, வீட்டு வருமானம் தலைக்கு 1,200 வெள்ளியைத் தாண்டியதும் சாஸ் (சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தனியார் மருந்தகங்களில் கட்டணச் சலுகை தரும் அரசாங்கத் திட்டம்) நீல அட்டை, சலுகை குறைந்த ஆரஞ்சு அட்டையாகிவிடுகிறது. மருந்துச் செலவு மட்டும் குறைவதில்லை. சலுகை ஒரேயடியாக இறங்காமல் படிப்படியாகக் குறையவேண்டும் என்று கேட்க நினைக்கிறோம். இணையத்தில் மனு போட்டுக் கையெழுத்து திரட்டுவதா, நாடாளுமன்ற உறுப்பினரிடம் போவதா, சுகாதார அமைச்சுக்கு எழுதுவதா? வாய்ட் டெக்கில் (புளோக்கின் கீழ்த்தளப் பொது இடம்) மேசை போடலாமா? தமிழில் எழுதினால் எடுபடுமா?

கணக்கர்63:
எங்கே போவது என்பதற்கு முன்னால் உங்கள் எண்ணைத் திருத்துங்கள். 1,200 பழைய வரம்பு. 2025 அக்டோபர் 1 முதல் நீல அட்டைக்குத் தலைக்கு 1,500 வெள்ளி வரை, ஆரஞ்சுக்கு 1,501 முதல் 2,300 வரை. பழைய எண்ணோடு கடிதம் போனால் “வரம்பை ஏற்கெனவே உயர்த்திவிட்டோம்” என்று இரண்டு வரியில் பதில் வரும், கதை அதோடு முடிந்தது.

அடுத்தது, யாரை உதாரணம் காட்டுகிறீர்கள் என்பது. 72 வயது அம்மாவைக் காட்டினால் கோரிக்கை அங்கேயே விழும். 1950 முதல் 1959 வரை பிறந்து, 1996 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்கள் மெர்டேக்கா தலைமுறையினர். 1949 அல்லது அதற்கு முன் பிறந்து 1986 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்கள் முன்னோடித் தலைமுறையினர். இரு தரப்புக்கும் வருமானத்தைப் பார்க்காமலேயே நீல அட்டையைவிடக் கூடுதல் சலுகை உண்டு. ஆக, உண்மையில் இடிபடுவது 1960 முதல் பிறந்தவர்களும், தாமதமாகக் குடியுரிமை வாங்கியவர்களும்தான். நம் சமூகத்தில் இரண்டாவது வகை கொஞ்சநஞ்சமல்ல.

கணக்கை இப்படிக் காட்டுங்கள். 63 வயது அம்மா, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், ஐந்து பேர். மகனுக்கு 4,100, மருமகளுக்கு 3,300, மொத்தம் 7,400 வெள்ளி. தலைக்கு 1,480 வருகிறது, நீலம். ஆனால் போனஸ், ஓவர்டைம், அலவன்ஸ் எல்லாமே மொத்த வருமானத்தில் சேரும். இருவருக்கும் ஆண்டு முடிவில் ஒரு மாதச் சம்பளம் போனஸாக வந்தால் மாதச் சராசரி ஏறத்தாழ 8,017, தலைக்கு 1,603. ஆரஞ்சு. அம்மாவுக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் இருந்தால் அது ‘சிக்கலான’ நாட்பட்ட நோய்ப் பிரிவில் வரும். நீல அட்டையில் சலுகை ஒரு வருகைக்கு 125 வெள்ளி வரை, ஆண்டுக்கு 500 வரை. ஆரஞ்சில் வருகைக்கு 80, ஆண்டுக்கு 320. ஆண்டுக்கு 180 வெள்ளி குறைகிறது. இந்த ஒரு பத்தியை அதிகாரி தானே கூட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும்படி இருக்கவேண்டும். கண்ணீர்க் கடிதத்துக்கு அனுதாபம் கிடைக்கும், விதி மாறாது.

தோபாயோ தொண்டூழியர்:
மேலே சொன்னது சரி. வழியைப் பற்றிச் சொல்கிறேன்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்திக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனால் தொண்டூழியர் உங்கள் பெயரையும் பிரச்சினையையும் எழுதிக்கொண்டு ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் தயாரிப்பார். அதற்கு வரும் பதில் அந்த ஒருவரின் அட்டையைப் பற்றி மட்டுமே இருக்கும். பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். “இது தனிநபர் மேல்முறையீடு இல்லை, விதியைப் பற்றிய கோரிக்கை, உறுப்பினரிடம் நேரில் கொடுக்கவேண்டும்” என்று முதலிலேயே சொல்லி, ஒரே பக்கத் தாளை நீட்டுங்கள். இந்த மாதமே மருந்து வாங்கமுடியாத குடும்பம் உங்களில் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவ சமூக ஊழியரைப் பார்த்து, வசதி குறைந்தோருக்கான மெடிஃபண்ட் நிதியிலிருந்து உதவி கேட்கலாம். விதி மாறும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

உறுப்பினரிடம் கேட்கவேண்டியது நாடாளுமன்றக் கேள்வி. அதற்கு ஏழு முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி எண்ணிக்கையைக் கேட்பதாக இருக்கட்டும்: “கடந்த ஓராண்டில் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறிய, 60 வயதைக் கடந்த, இரு தலைமுறைத் திட்டங்களிலும் இல்லாத குடிமக்கள் எத்தனை பேர்?” இந்த எண்ணிக்கை உங்களால் திரட்டவே முடியாதது, அமைச்சால் முடியும். அதற்கு முன் ஹேன்சார்ட் என்ற நாடாளுமன்றப் பேச்சுப் பதிவேட்டை இணையத்தில் தேடுங்கள். இதே கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருந்தால் அதற்கு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். உங்கள் உறுப்பினர் தயங்கினால், சுகாதாரத்துக்கான அரசாங்க நாடாளுமன்றக் குழுவில் இருப்பவர், எதிர்க்கட்சி உறுப்பினர், நியமன உறுப்பினர் யாரும் கேட்கலாம்.

காலம் முக்கியம். பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம், அதைத் தொடர்ந்து ஒவ்வோர் அமைச்சின் செலவின விவாதம். உறுப்பினர்கள் அதில் என்ன பேசுவது என்று ஜனவரியில் தயாராகிவிடுவார்கள், டிசம்பரில் தாள் அவர்கள் கையில் இருக்கட்டும். மார்ச்சில் கொடுப்பது பஸ் போனபின் கை காட்டுவதுதான். பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் அரசாங்கப் பிரிவான ரீச் அமைப்பும் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் கருத்துத் திரட்டும், அதிலும் அதே தாளைப் போடுங்கள்.

தமிழில் நாடாளுமன்றத்திலேயே பேசலாம். ஆனால் அமைச்சுக்கான தாள் ஆங்கிலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பில் எண் மாறாது. அக்கம்பக்கத்தாருக்கு விளக்கும் தாள் தமிழில், மலாயில், மாண்டரினில்.

சட்டம்_கொஞ்சம்:
வாய்ட் டெக் மேசைக்கு நகர மன்ற அனுமதி மட்டும் போதாது. பொது இடத்தில் ஒரு நோக்கத்துக்காகப் பிரசாரம் செய்தால், ஒரே ஒருவர் நின்றாலும், 2009 பொது ஒழுங்குச் சட்டத்தின்படி காவல்துறை அனுமதி தேவைப்படும். அரங்கத்துக்குள் கூட்டம் வைப்பது எளிது: ஏற்பாட்டாளரும் பேசுவோர் அனைவரும் குடிமக்கள், இனம் சமயம் பற்றிய பேச்சு இல்லை, ஏற்பாட்டாளர் முழு நேரமும் அங்கேயே இருக்கிறார் என்றால் அனுமதி வேண்டாம். பொதுவில் பேசுவதற்கென்றே ஒதுக்கிய ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கத்துக்குப் பதிவு செய்தால் போதும். ஆனால் இந்த விஷயத்துக்கு அது தேவையா என்பது என் சந்தேகம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பெயர், பொறுப்பாளர் என்று சங்கமாக இயங்கினால் பதிவு செய்யவேண்டும். பணம் வசூலிக்கவே வேண்டாம், அதற்குத் தனி உரிமம். கையெழுத்துத் தாளில் அடையாள அட்டை எண்ணை முழுதாக வாங்காதீர்கள். பில் நகல் இணைத்தால் பெயர், எண், முகவரியை மறைத்துவிடுங்கள்.

இணைய மனுவும் நாடாளுமன்ற மனுவும் ஒன்றல்ல. நாடாளுமன்ற மனுவை ஓர் உறுப்பினர்தான் சபையில் சமர்ப்பிக்கவேண்டும், அது பொது மனுக்கள் குழுவுக்குப் போகும். இணைய மனுவுக்கு அந்தத் தகுதி இல்லை.

கணக்கர்63:
இணைய மனுவை அப்படித் தள்ளவும் முடியாது. கையெழுத்திடுவோரிடம் வயதுப் பிரிவு, அட்டை நிறம், வீட்டில் எத்தனை பேர் என்று மூன்று கேள்வி கேட்டால் அதுவே உங்கள் தரவு. வெறும் கையெழுத்து என்றால் நீங்கள் சொல்வது சரி.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி. வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தமிழ்நாட்டு ஊழியர்களின் மருத்துவச் செலவையும் இதே தாளில் சேர்க்கலாமா?

தோபாயோ தொண்டூழியர்:
வேண்டாம். சாஸ் குடிமக்களுக்கு மட்டும், சுகாதார அமைச்சின் கீழ். வொர்க் பெர்மிட் ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதி மனிதவள அமைச்சின் கீழ். 2023 ஜூலை முதல் அதன் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 வெள்ளி. 15,000 வரை முழுதும் காப்புறுதி, அதற்கு மேல் முதலாளி கால் பங்கு கொடுக்கவேண்டும். அங்கே கேட்கவேண்டிய கேள்விகளே வேறு. அந்தக் கால் பங்கைக் கட்டாத முதலாளியை என்ன செய்வது என்பது அவற்றில் ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் இரு அமைச்சும் மற்றதைக் கைகாட்டும். ஊழியர்களுக்குத் தனித் தாள், தனித் திரி.